பார்க்காமல் போட்ட பந்து

கால்பந்து அணியில் வலப்பக்கம் காக்கப் புதிதாக வந்த ரைட் பேக்கை முதல் நாளே கோல் கீப்பருக்குப் பிடிக்காமல் போயிற்று. அவன் அப்படி ஒன்றும் பெரிய குற்றம் செய்துவிடவில்லை. செத்துப்போனவன் நின்ற இடத்தில் உயிரோடு வந்து நின்றான், அவ்வளவுதான்.

செத்துப்போனவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊரே அவனைக் 'கதவு' என்றுதான் கூப்பிடும். வலப்பக்கமாக எவனாவது பந்தை உருட்டிக்கொண்டு வந்தால் மைதானம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அவன் காலை நீட்டிப் பந்தைப் பிடுங்கியதும் "கதவு சாத்தியாச்சு!" என்று ஒரே கூச்சல். இத்தனைக்கும் அவன் வேகமாக ஓடுகிறவனும் இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவன். எதிராளியைக் கோட்டோரமாகவே ஒதுக்கி ஒதுக்கி, போக வழியில்லாமல் பண்ணி, அவனாகவே பந்தை விட்டுவிட்டுப் போகும்படி செய்துவிடுவான். கீப்பருக்கு அவன் வெறும் கூட்டாளி மட்டும் இல்லை, தங்கை புருஷன். பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து ஆடியவன், பிறகு வீட்டுக்கே மாப்பிள்ளையானான். சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, பயிற்சிக்கு வருகிற வழியில், ஒரு லாரி அவனை மோட்டார் சைக்கிளோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. கீப்பர்தான் போய் அடையாளம் காட்டினார்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பழக்கம் இருந்தது. பந்து கீப்பர் கைக்கு வந்த கணமே மாப்பிள்ளை வலப்பக்கக் கோட்டை நோக்கி நகர்ந்துவிடுவான். கீப்பர் தலையைத் திருப்பவே மாட்டார். கண் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், கை வலப்பக்கம் உருட்டிவிடும். எதிரணிக்காரர்கள் கண் போன பக்கம் ஓடி, வாயில் ஈ போவது தெரியாமல் நிற்பார்கள். அதற்குள் மாப்பிள்ளை பாதி மைதானம் தாண்டியிருப்பான். வருஷக்கணக்கில் அப்படி ஆடினார்கள், ஒரு தடவைகூடப் பிசகவில்லை. கீப்பருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று நாம் ஏன் பூசி மெழுக வேண்டும்?

மாப்பிள்ளையிடம் இன்னொரு குணமும் இருந்தது. ஆட்டத்தில் தோற்றால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் நின்று, "என் தப்புதாங்க, எழுதிக்குங்க" என்று சொல்லிவிடுவான். யார் கோட்டைவிட்டாலும் சரி, அவன் தப்புதான். அதில் பாதி கீப்பர் கோட்டைவிட்டது என்று அணியில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போகிற வழியில், "மச்சான், உனக்காக வாங்கிக் கட்டிக்கிட்டே முதுகு வீங்கிப்போச்சு. உன் தங்கச்சிகிட்டச் சொல்லி ஒத்தடம் குடுக்கச் சொல்லு" என்று சிரிப்பான். கீப்பரும் சிரிப்பார். ஊரோ, பெரிய மனசுக்காரன் என்று அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அந்த இடத்துக்குத்தான் புதியவன் வந்தான். உடை மாற்றும் அறையில் எந்தக் கொக்கி யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும், பாவம். கீப்பருக்குப் பக்கத்துக் கொக்கி காலியாக இருந்தது, பையை மாட்டிவிட்டான். கீப்பர் எழுந்து அதைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"அது ஆள் இருக்கிற இடம்" என்றார்.

புதியவன் பையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக் கதவோரம் போய் உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க அங்கேதான் உடை மாற்றினான்.

முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்காரன் ஒருத்தன் அவனைத் தாண்டிப் போய் கோல் போட்டுவிட்டான். "கதவைக் கழட்டிட்டு ஜன்னலை வச்சிருக்காங்கடோய்!" என்று மேலே உட்கார்ந்திருந்த எவனோ கத்தினான். மைதானமே சிரித்தது. கீப்பரும் கையுறைக்குப் பின்னால் சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவன் ஒழுங்காகப் பிடுங்கிய பந்து ஒன்றையும் யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. சலூனுக்குப் போனால் சலூன்காரர் கீப்பரின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் கதவு மாதிரி வருமா சார்? அவரு நிக்கிற நெலையே தனி. இவன் என்னமோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நிக்கிறான்" என்பார். கத்தி கழுத்தில் இருக்கும்போது எதிர்த்துப் பேச முடியுமா? கத்தி இல்லாவிட்டாலும் கீப்பர் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார். அவரே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். புதியவன் ஓடினால் மாப்பிள்ளை இப்படி ஓட மாட்டான். பூட்ஸ் கயிறு கட்டினால் மாப்பிள்ளை இப்படிக் கட்ட மாட்டான். துப்பினால்கூட மாப்பிள்ளை இப்படித் துப்ப மாட்டான்.

உண்மையைச் சொன்னால் புதியவன் நன்றாகவே ஆடினான். வேகத்தில் பழையவனால் இவன் கிட்டேயே வர முடியாது. இரண்டு காலாலும் பந்தைத் தூக்கிப் போடுவான். கோச் சொன்னதை அப்படியே செய்வான். கீப்பருக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் அவருக்கு வயிறு எரிந்தது. இவன் நன்றாக ஆட ஆட, மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் செத்துப்போகிற மாதிரி இருந்தது.

பயிற்சியின்போது ஒருநாள் புதியவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு விஷயம். பந்து கைக்கு வந்ததும் ஒரு தடவை இந்தப் பக்கம் பாத்துட்டுப் போடுங்களேன். பந்து அந்தப் பக்கம் இருந்தா என்னை உள்ள வந்து நடுவுல நிக்கச் சொல்லியிருக்காரு கோச். நான் எப்பவும் கோட்டோரமா இருக்க மாட்டேன்."

"இத்தனை வருஷம் பாக்காமத்தான் போட்டேன்."

"அது அவரு இருந்தப்பண்ணே."

"நீ இருக்க வேண்டிய எடத்துல இரு. பந்து தானா வரும்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டுக் கீப்பர் கையுறையை இறுக்கிக்கொண்டார். கோச்சும் பிறகு இதையே சொன்னார். கோச்சிடம் கீப்பர் தலையை மட்டும் ஆட்டி வைத்தார்.

புதியவனுக்கு ஒரு வருஷத்துக்குத்தான் ஒப்பந்தம். மனைவியையும் நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகளையும் கூட்டிவந்து, மைதானத்துக்குப் பின்தெருவில் தரைத்தள வீடு ஒன்றில் குடியிருந்தான். இங்கே நிலைத்துவிட்டால் போதும், இனி ஊர் ஊராகப் பெட்டி தூக்க வேண்டாம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். அவனை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று கடைசி ஆட்டம் முடிந்ததும் நிர்வாகக் குழு கூடி முடிவு செய்யும். அது அணியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கீப்பருக்கும்தான்.

அந்தக் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயிக்கக்கூட வேண்டாம், தோற்காமல் இருந்தால் போதும். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட வேண்டியதுதான். கிழவர்கள்கூட ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கீப்பரின் தங்கை எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் போன பிறகும் அவள் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. ஏன் வருகிறாய் என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆட்டம் முடியப்போகிற நேரம். இடப்பக்கத்திலிருந்து எதிரணி பந்தை உயரத் தூக்கிப் போட்டது. நடுவில் நிற்க வேண்டியவன் காலில் சதை பிடித்துக்கொண்டு கீழே விழுந்துகிடந்தான். புதியவன் சட்டென்று உள்ளே ஓடிவந்து அந்த ஓட்டையை அடைத்து நின்றான். அன்றைக்கு அந்த மைதானத்தில் யாராவது சரியாக ஒரு காரியம் செய்தார்கள் என்றால் அது அதுதான். கீப்பர் எம்பிப் பந்தைப் பிடித்தார். அப்பாடா என்று ஊரே மூச்சு விட்டது. கீப்பரின் கண் இடப்பக்கம் போயிற்று. கை வலப்பக்கம் உருட்டிவிட்டது.

அங்கே மாப்பிள்ளை இல்லை. எதிரணியின் லெஃப்ட் விங் ஒருத்தன்தான் தனியாக நின்றுகொண்டிருந்தான். இப்படியும் அதிர்ஷ்டம் உண்டா என்று அவனே ஒரு கணம் திகைத்துப்போனான். பிறகு அடித்தான்.

"அண்ணே!" என்று புதியவன் கத்தியது கீப்பர் காதில் விழுந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது.

மேலே இருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? பந்து கதவு நிற்கிற இடத்துக்கு நூல் பிடித்தாற்போலப் போயிற்று, கதவின் இடத்துக்கு வந்தவனோ அங்கே இல்லை. "ஜன்னல்! ஜன்னல்!" என்று ஆரம்பித்தார்கள். பிறகு அவன் அம்மாவை இழுத்தார்கள், பெண்டாட்டியை இழுத்தார்கள். தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. புதியவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கீப்பரையே பார்த்தான். கீப்பர் குனிந்து பூட்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வெளியே வரும்போது பத்திரிகைக்காரர்கள் கீப்பரை மடக்கினார்கள்.

"ரைட் பேக் ஏன் சார் அங்க இல்ல?"

"என்னைக் கேட்டா? நீங்களும்தான பாத்தீங்க."

"கதவு இருந்திருந்தா?"

"அவன் இருந்திருந்தா அங்க இருந்திருப்பான்" என்றார்.

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் சொல்லாமலே ஒருத்தன் கழுத்தை அறுத்துவிட முடிகிறது பாருங்கள். அடுத்த நாள் பேப்பரில் அதையே கொட்டை எழுத்தில் போட்டார்கள். கோச் மட்டும், "புதுசா வந்தவன் மேல தப்பில்ல" என்று சொல்லிப் பார்த்தார். அவரையே அணி கீழே இறங்கிய கோபத்தில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், அவர் பேச்சை யார் கேட்பது? புதியவன் வீட்டுச் சுவரில் கரியால் ஜன்னல் படம் வரைந்தார்கள். அவன் மனைவி போனால் மளிகைக் கடைக்காரர் கவனிக்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேப்பர் வந்த அன்று மத்தியானமே தங்கை கீப்பர் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"நீ பாக்காமத்தானண்ணா போட்ட?"

"அவன் அங்க நின்னிருக்கணும்ல?"

"நான் கேட்டது அதில்ல. பாத்தியா, பாக்கலையா?"

கீப்பர் பேப்பரை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"இத்தனை வருஷம் உங்க ரெண்டு பேரையும் மேல உக்காந்து பாத்தவ நான். எனக்குத் தெரியாதா? அவரு இருந்தா அங்கதான் இருப்பாரு. அவரு செத்துட்டாருண்ணா. என் வீட்டுல கட்டில்ல ஒரு பக்கம் காலியாக் கெடக்கு, எனக்குத் தெரியும். உன் கைக்கு மட்டும்தான் இன்னும் தெரியல." அழவில்லை அவள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. "ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகுது. அவரு பேரைச் சொல்லி அதைச் செய்யாத. போய் உண்மையச் சொல்லு."

அன்றிரவு முழுக்கக் கீப்பருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சொன்னால் தன் கதி என்ன? வயசும் ஆகிவிட்டது, கூட்டமும் இல்லாமல் அணியும் இல்லாமல் போய்விடும். ஆனாலும் விடிந்ததும் குளித்துவிட்டு, நல்ல சட்டையாக ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டு, குழு கூடுவதற்கு முன்னாலேயே செயலாளர் அறைக்குப் போய் நின்றார். அந்த ஒரு விஷயத்தில் மனுஷனை மெச்சத்தான் வேண்டும்.

"சார், அந்த கோல் என் தப்பு. நான் பாக்காமப் போட்டேன். அவன் சரியாத்தான் நின்னான்."

செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்படியே நம்ம கதவு பேசற மாதிரியே இருக்கு. யாரு தப்பு பண்ணாலும் என் தப்புன்னுதான சொல்வாரு? அந்தக் குடும்பத்து மனசே தனி."

"இல்ல சார், நெஜமாவே என் தப்பு. வீடியோவைப் போட்டுப் பாருங்க. என் தலை திரும்பவே இல்ல."

"எல்லாம் பாத்தாச்சு. பந்து கரெக்டா அவரு நிக்கிற எடத்துக்குத்தான் போச்சு."

"அவன்தான் செத்துட்டானே சார்!" என்று கீப்பர் கத்தினார்.

செயலாளர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இன்னும் துக்கம் ஆறவில்லை பாவம் என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

கீப்பர் விடவில்லை. வெளியே நின்ற பத்திரிகைக்காரர்களிடமும் போய்ச் சொன்னார். பார்க்காமல் போட்டேன் என்றார், புதியவன் முன்கூட்டியே எச்சரித்தான் என்றார், நான்தான் கேட்கவில்லை என்றார். சொல்லச் சொல்ல அவர்கள் முகமெல்லாம் இளகியது. ஒரு கிழட்டு நிருபர் பேனாவை மூடிவிட்டுக் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். மைக் பிடித்தவர்கள், கேமரா பிடித்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள். "தட்டாதீங்கய்யா!" என்றார் கீப்பர். அதற்கும் தட்டினார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. கதவு போனாலும் அவன் குணம் போகவில்லை, மச்சானிடம் இருக்கிறது என்றார்கள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "அந்த ஜன்னல் பய வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னானா? பெரிய மனுஷனப் போய் மன்னிப்புக் கேக்க வச்சுட்டு, வீட்டுல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கான் பாரு" என்று சலூனில் ஆரம்பித்தது. குழு கூடியது, புதியவனுக்கு ஒப்பந்தம் இல்லையென்று முடிவானது. அதுவும் சிலருக்குப் போதவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு கும்பல் பின்தெருவுக்குப் போயிற்று. முதல் கல் சுவரில் பட்டது. இரண்டாவது சமையலறை ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. புதியவனின் மனைவி அந்தப் பக்கமாகத்தான் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

சேதி கேட்டுக் கீப்பர் மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கண் வார்டு இரண்டாவது மாடியில். மாடியேறி வரும்போதே நீளமான வராந்தாவில் தங்கை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. புதியவனின் மகள் அவள் மடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். புதியவன் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் கீப்பர்.

"ஒரு கண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு பரவாயில்லையாம்."

கீப்பர் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வது? எந்த வார்த்தையை எடுத்தாலும் கூசியது.

அப்போது பார்த்தா அந்த வார்டு ஊழியர் காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்! கீப்பரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நிற்பவன் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"கீப்பர் சார்தான? டிவியில பாத்தோம் சார். எவனோ பண்ண தப்பைத் தன் தலைமேல போட்டுக்கிட்டீங்களே, அந்த மனசு யாருக்கு சார் வரும்? எங்க வீட்டுல எல்லாரும் அழுதுட்டோம்." கீப்பரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் வராந்தா திரும்பும்வரை கீப்பர் காத்திருந்தார்.

"எல்லார்கிட்டயும் சொன்னேன்ப்பா" என்றார் கீப்பர். "ஒருத்தனும் நம்பல."

"தெரியும்ண்ணே. பாத்தேன்."

"இப்ப மறுபடியும் போய்ச் சொல்றேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"வேணாம். நீங்க ஒவ்வொரு தடவை வாயத் தொறக்கும்போதும் எங்களுக்குத்தான் அடி விழுது." புதியவன் குரலை உயர்த்தவே இல்லை. "வந்த நாள்லேருந்து எல்லாரும் என்னை அவரோட வச்சுத்தான் பாத்தாங்க. நின்னா, ஓடினா, விழுந்தா, எல்லாத்துலயும். நானே ராத்திரி வீட்டுல உக்காந்து வச்சுப் பாத்திருக்கேன். அதுல தப்பில்ல, அவரு அவ்வளவு பெரிய ஆளு. ஆனா ஒண்ணு கேக்கறேன். தோத்த அன்னைக்கு வெளியில நின்னு கேட்டாங்களே. அன்னைக்கே, அந்த எடத்துலயே, அவரு என்ன சொல்லியிருப்பாரு?"

கீப்பருக்கு அது தெரியும். அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"உங்களை அவரோட யாருமே வச்சுப் பாக்கலண்ணே. நான் இப்பதான் பாத்தேன்" என்றான் புதியவன். "போயிடுங்க. அவ கண்ணுக் கட்டை அவுத்ததும் மொதல்ல உங்க மொகத்தைப் பாக்க வேணாம்."

கீப்பர் தங்கை பக்கம் திரும்பினார். இரு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பார். அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.